பாய்லரும் வெந்நீர்த் தொட்டியும்

மார்கழி மாதம். கொல்கத்தாவில் விடியற்காலை. வெப்பம் 12, 13 டிகிரிக்கு இறங்கிவிடும். சிம்லாக்காரருக்கு இது குளிரே அல்ல. ஆனால் கொல்கத்தாக்காரர் குரங்குக் குல்லாயை எடுத்துத் தலையில் மாட்டிக்கொள்வார். கழுத்தில் மஃப்ளரும் சுற்றிக்கொள்வார். அந்த ஊரில் இரண்டு மாதம் எல்லோருக்கும் வெந்நீர் வேண்டும்.

வீட்டில் ஒருவர் குளிக்க அடுப்பில் ஒரு குண்டான் போதும். லேக் மார்க்கெட் பக்கம் பல தலைமுறையாக வாழும் தமிழ்க் குடும்பங்களில் செம்புப் பாய்லரைப் பார்த்த பெரியவர்கள் இருப்பார்கள். நடுவில் ஒரு குழாய். அதில் கரியோ விறகோ எரியும். சுற்றிலும் தண்ணீர். கீழே ஒரு குழாய் வாய். நம் ஊர் டீக்கடைப் பாய்லரும் அதே மாதிரிதான். தீ ஒரு பக்கம், தண்ணீர் மறுபக்கம், நடுவில் ஒரே ஒரு தகடு. இது நேரடியாகச் சூடாக்கும் முறை.

ஐம்பது அறை உள்ள ஓட்டலுக்கு இந்த முறை போதாது. பெரிய ஆஸ்பத்திரிக்கும் போதாது. அங்கே வேறு ஏற்பாடு. பாய்லர் ஓர் இடத்தில் இருக்கும். குளிக்கும் தண்ணீர் வேறொரு தொட்டியில் இருக்கும். இந்தத் தொட்டிக்குத் தீயே கிடையாது. ஆனாலும் தண்ணீர் சுடுகிறது. எப்படி?

குழந்தைக்குப் பால் புட்டியைச் சூடாக்கும் தாயைப் பாருங்கள். புட்டியை அடுப்பில் வைப்பதில்லை. வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைக்கிறார். வெந்நீரின் சூடு பாலுக்குப் போகிறது. வெந்நீர் மட்டும் பாலில் கலப்பதில்லை. நடுவில் புட்டி தடுக்கிறது.

வெந்நீர்த் தொட்டியும் அப்படித்தான். தொட்டிக்குள் செம்புக் குழாய் ஒன்று ஸ்பிரிங் போலச் சுருண்டு கிடக்கும். பாய்லரின் சுடுநீர் அல்லது நீராவி அந்தச் சுருள் குழாய்க்குள் ஓடும். குழாய்க்கு வெளியே குளிக்கும் தண்ணீர் நிற்கும். சூடு செம்பைத் தாண்டி வெளியே வரும். தண்ணீர் தாண்டாது. இந்தத் தொட்டியை மெக்கானிக்குகள் கலோரிஃபையர் என்று சொல்வார்கள்.

இவ்வளவு சுற்றி வளைப்பது ஏன்? குழாய்த் தண்ணீரையே பாய்லரில் விட்டுச் சூடாக்கினால் என்ன?

ஆழ்குழாய்க் கிணற்று நீரைக் கொதிக்க வைக்கும் பாத்திரத்தை உள்ளே தடவிப் பாருங்கள். வெள்ளையாக, சொரசொரப்பாக ஒரு படிவம் இருக்கும். அது சுண்ணாம்பு உப்பு. தண்ணீர் சுடச்சுட அது பிரிந்து ஒட்டிக்கொள்ளும். பாய்லரில் இந்தப் படிவம் ஏறினால் தீயின் சூடு தண்ணீருக்குப் போகாது. தகடே பழுக்கக் காயும். எரிபொருள் வீணாகும். கடைசியில் தகடு பிதுங்கும், வெடிக்கும். சுருள் குழாய் இருந்தால் பாய்லருக்குள் புதுத் தண்ணீர் அதிகம் வராது. இருக்கும் தண்ணீரே சுற்றிச் சுற்றி வரும். உப்பும் அதிகம் சேராது. படிவம் வந்தாலும் தொட்டியில்தான் வரும். தொட்டியைக் கழுவுவது எளிது. பாய்லரைக் கழுவுவது பெரிய வேலை.

கல்கத்தாவில் நடந்த வெடிப்பு

இந்தியாவில் பாய்லருக்குச் சட்டம் வந்த கதை கொல்கத்தாவில்தான் தொடங்குகிறது. அப்போது ஊரின் பெயர் கல்கத்தா. 1854இல் ஹவுராவிலிருந்து ரயில் ஓடத் தொடங்கியது. 1855இல் ஹூக்ளி ஆற்றங்கரையில், ரிஷ்ராவில், முதல் சணல் ஆலை வந்தது. ராணிகஞ்ச் நிலக்கரி கிடைத்தது. ஆலைகளில் நீராவி எந்திரங்கள் ஏறின. எந்திரம் ஏறிய இடத்தில் எல்லாம் பாய்லர் இருந்தது. பாய்லரைச் சோதிக்க மட்டும் யாரும் இல்லை. தகடு தேய்ந்ததா, துருப்பிடித்ததா என்று கேட்பாரில்லை.

1863இல் கல்கத்தாவில் ஒரு பாய்லர் வெடித்தது. பல உயிர்கள் போயின. அதன் பிறகுதான் அரசு விழித்தது. அடுத்த ஆண்டே, 1864இல், வங்காளச் சட்டசபை ஒரு சட்டம் செய்தது. கல்கத்தா நகரிலும் அதன் சுற்றுப்புறத்திலும் உள்ள பாய்லர்களை அதிகாரிகள் சோதிக்க வேண்டும் என்றது அந்தச் சட்டம். பிறகு மற்ற மாகாணங்களும் தனித்தனியே சட்டம் செய்தன. ஒரு மாகாணத்தில் ஒரு விதி, பக்கத்து மாகாணத்தில் வேறு விதி. இந்தக் குழப்பம் தீர இந்தியா முழுவதற்கும் ஒரே சட்டம் 1923இல் வந்தது. 1924 ஜனவரி முதல் நாள் அமலானது. நூறு ஆண்டுக்கு மேல் அதுவே நடப்பில் இருந்தது. 2025இல் அதன் இடத்தில் புதிய சட்டம் வந்துள்ளது.

சட்டம் வந்தபின் வெடிப்பே இல்லை என்று நினைக்க வேண்டாம். 2020இல் நம் நெய்வேலி அனல்மின் நிலையத்திலேயே மே மாதம் ஒரு பாய்லர் விபத்து நடந்தது. ஜூலை முதல் நாள் மறுபடி நடந்தது. தொழிலாளர்கள் பலர் உயிரிழந்தார்கள்.

பாய்லர் ஏன் இவ்வளவு பலமாக வெடிக்கிறது? ஒரு லிட்டர் தண்ணீர் திறந்த வெளியில் நீராவி ஆனால் 1,600 லிட்டருக்கும் அதிகமான இடத்தை அடைக்கும். பாய்லருக்குள் அந்த இடம் இல்லை. அதனால் நீராவி நெருக்கிக்கொண்டு நிற்கும். அழுத்தத்தில் நிற்கும் தண்ணீர் 100 டிகிரிக்கு மேலே போயும் கொதிக்காமல் இருக்கும். தகடு கிழிந்த நொடியில் அந்தத் தண்ணீரில் ஒரு பகுதி சட்டென்று நீராவியாக மாறிப் பாயும். அந்த வேகம்தான் சுவரைத் தள்ளுகிறது.

வீட்டுப் பிரஷர் குக்கரிலும் இதே சங்கதிதான். வெயிட் தூக்கி நீராவி வெளியேறுவதால் குக்கர் பிழைக்கிறது. 1679இல் டெனி பாப்பன் என்ற பிரெஞ்சுக்காரர் இப்படி மூடிச் சமைக்கும் பாத்திரம் ஒன்றைச் செய்தார். அழுத்தம் மிஞ்சினால் தானே திறக்கும் வால்வையும் அதற்காகவே செய்தார். இன்று பாய்லரில் உள்ள சேஃப்டி வால்வுக்கு அதுதான் மூதாதை.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். எல்லாப் பாய்லரும் இந்தச் சட்டத்துக்குள் வராது. கொள்ளளவு 25 லிட்டருக்குக் குறைந்தால் வராது. அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோவுக்குக் குறைந்தாலும் வராது. தண்ணீரை 100 டிகிரிக்குக் கீழே மட்டும் சூடாக்கினாலும் வராது. சின்ன லாட்ஜிலும் விடுதியிலும் உள்ள சுடுநீர்ப் பாய்லர்கள் பெரும்பாலும் இந்த வகைதான். அங்கே இன்ஸ்பெக்டர் வரமாட்டார். பக்கத்தில் வேலை செய்யும் ஆள்தான் இன்ஸ்பெக்டர். அவருக்கு விவரம் தெரிந்திருக்க வேண்டும்.

தொட்டியை நிறுத்துவது

முதலில் இடம். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ எடை. 200 லிட்டர் தொட்டி என்றால் தண்ணீர் மட்டும் 200 கிலோ. தொட்டியின் எடை தனி. வட கொல்கத்தாவின் பழைய வீடுகளில் இரும்பு உத்தரமும் மரச்சட்டமும் வைத்துக் கூரை போட்டிருப்பார்கள். நம் ஊர் மெட்ராஸ் டெரஸ் போல. நூறு வயதான அந்தக் கூரை நடுவில் தொட்டியை நிறுத்தக் கூடாது. தரையில் காங்கிரீட் மேடை கட்டி நிறுத்துவதே நல்லது. மேலேதான் வைக்க வேண்டும் என்றால் கனம் தாங்கும் சுவருக்கு நேர் மேலே வைக்க வேண்டும். அதையும் எஞ்சினியரைக் கேட்டுத்தான் செய்ய வேண்டும்.

தொட்டி பாய்லருக்குப் பக்கத்தில் இருக்கட்டும். குழாய் நீண்டால் வழியிலேயே சூடு போய்விடும். பம்பு இல்லாமலும் தண்ணீரைச் சுற்ற வைக்கலாம். சுடுநீர் இலேசானது, மேலே ஏறும். ஆறிய நீர் கனமானது, கீழே இறங்கும். மொட்டை மாடிச் சூரிய வெந்நீர்க் கருவி இப்படித்தான் வேலை செய்கிறது. இந்த முறைக்குத் தொட்டி பாய்லரைவிட உயரத்தில் இருக்க வேண்டும். குழாய் பருமனாகவும், மேல் நோக்கிச் சீராகச் சரிந்தும் போக வேண்டும். நடுவில் குழாய் தொங்கினாலோ வளைந்து ஏறி இறங்கினாலோ காற்று அடைத்துக்கொள்ளும். சுற்று நின்றுவிடும்.

தொட்டிக்குக் குளிர்ந்த நீர் அடியில் நுழைய வேண்டும். வெந்நீர் உச்சியில் வெளியேற வேண்டும். மாற்றி இணைத்தால் குளிர்ந்த நீர் மேலே விழுந்து வெந்நீரைக் கெடுக்கும். சுருள் குழாயும் தொட்டியின் கீழ்ப் பாதியில் இருக்க வேண்டும். குளிர்ந்த நீர் அங்கேதானே தங்குகிறது. பாய்லரின் சுடுநீர் சுருளின் மேல் வாயில் நுழைந்து கீழ் வாயில் திரும்பும். நீராவி வந்தால் அது சுருளுக்குள் குளிர்ந்து தண்ணீராகும். அந்தத் தண்ணீரை மட்டும் வெளியே விட்டு நீராவியைத் தடுக்க ஸ்டீம் டிராப் என்ற கருவி வேண்டும். வெளியே வரும் தண்ணீர் மறுபடி பாய்லருக்கே போகும்.

எவ்வளவு நீராவி தேவை? ஒரு சிறு கணக்கு. ஒரு லிட்டர் தண்ணீரின் வெப்பத்தை ஒரு டிகிரி உயர்த்த ஒரு கிலோகலோரி வேண்டும். 200 லிட்டரை 20 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குக் கொண்டுபோக 8,000 கிலோகலோரி. ஒரு கிலோ நீராவி தண்ணீராக மாறும்போது சுமார் 540 கிலோகலோரி தரும். ஆக, 15 கிலோ நீராவி போதும். இதையே 2 கிலோவாட் கரண்ட் ஹீட்டரில் செய்தால் நாலரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். மின்சாரம் 9 யூனிட்டைத் தாண்டும்.

அதே 200 லிட்டர் தண்ணீர் 60 டிகிரிக்குச் சூடானதும் சுமார் 3 லிட்டர் பெருகும். இந்த 3 லிட்டருக்கு வழி வேண்டும். கூரைத் தொட்டியிலிருந்து நீர் இறங்கும் ஏற்பாட்டில், வெந்நீர்த் தொட்டியின் உச்சியிலிருந்து ஒரு திறந்த குழாயை மேலே கொண்டுபோய், கூரைத் தொட்டிக்கு மேலே வாய் திறந்து வைப்பார்கள். பம்பு அழுத்தத்தில் நீர் வந்தால் விரிவுத் தொட்டி ஒன்று வேண்டும். இரண்டிலும் சேஃப்டி வால்வு கட்டாயம். தொட்டிக்கும் சேஃப்டி வால்வுக்கும் நடுவே வேறு எந்த வால்வும் இருக்கக் கூடாது. யாராவது தெரியாமல் மூடிவிட்டால் என்ன ஆகும்? சேஃப்டி வால்வு இருந்தும் இல்லாததுபோல்தான். அதன் வெளிக்குழாய் கீழ்நோக்கிச் சாக்கடை பக்கம் போக வேண்டும். அதன் வாய் கண்ணுக்குத் தெரிய வேண்டும். ஆள் நடக்கும் இடத்தில் கொதிநீர் தெறிக்கக் கூடாது.

சேஃப்டி வால்வு சொட்டினால் சிலர் அதை மரக்கட்டையால் அடைக்கிறார்கள். கம்பியால் கட்டுகிறார்கள். பழைய வகை வால்வில் கூடுதலாக எடை தொங்கவிட்ட ஆட்களும் உண்டு. இதைவிடப் பெரிய தவறு பாய்லர் அறையில் வேறு இல்லை. வால்வு சொட்டுகிறது என்றால் அழுத்தம் மிஞ்சுகிறது, அல்லது வால்வு பழுது. இரண்டுக்கும் மெக்கானிக்தான் வேண்டும், கட்டை அல்ல.

செம்புக் குழாயையும் துத்தநாகம் பூசிய இரும்புக் குழாயையும் நேராக இணைத்தால் இரும்பு சீக்கிரம் அரிக்கும். நடுவில் மின்சாரம் கடத்தாத இணைப்பு ஒன்று போட வேண்டும். தொட்டி இரும்பாக இருந்தால் உள்ளே மக்னீசியக் கம்பி ஒன்று தொங்கும். துரு முதலில் அதைத் தின்னும். தொட்டி தப்பும். கம்பி மெலிந்துபோனால் புதிது போட வேண்டும்.

வெளியே தெரியும் சுடுகுழாய் முழுவதையும் கண்ணாடிப் பஞ்சால் சுற்ற வேண்டும். பழைய கட்டடங்களில் ஆஸ்பெஸ்டாஸ் கயிறு சுற்றியிருக்கும். அதைக் கையால் பிய்க்கக் கூடாது. அதன் தூசி நுரையீரலைக் கெடுக்கும்.

முதல் முறை தீ மூட்டும் முன் தொட்டியை நிரப்ப வேண்டும். மாடியில் வெந்நீர்க் குழாயைத் திறந்து வைக்க வேண்டும். புஸ் புஸ் என்று காற்று வரும். பிறகு தண்ணீர் ஒரே சீராக வரும். அதன்பின் பாய்லர் சுற்றை நிரப்பிக் காற்றை வெளியேற்ற வேண்டும். தண்ணீர் இருக்கிறது என்று கண்ணால் பார்த்தபின்தான் தீ. ஒருவேளை தண்ணீர் வற்றிய பாய்லர் எரிந்துகொண்டிருந்தால்? பதறிப்போய்க் குளிர்ந்த நீரை உள்ளே விடக் கூடாது. பழுத்த தகட்டில் பட்ட நீர் அப்படியே நீராவியாகும். தீயை அணைக்க வேண்டும். தானே ஆறும்வரை விலகி நிற்க வேண்டும்.

எவ்வளவு சூடு?

தொட்டியில் 60 டிகிரி இருக்க வேண்டும். செலவை மிச்சம் பிடிக்க 40 டிகிரியில் வைப்பவர்கள் உண்டு. அது தவறு. வெதுவெதுப்பான தேங்கிய நீரில் லெஜியோனெல்லா என்ற கிருமி பெருகும். 1976இல் அமெரிக்காவில் பிலடெல்பியா நகரின் ஓட்டல் ஒன்றில் தங்கியவர்களுக்குக் கடும் நிமோனியா வந்தது. பலர் இறந்தார்கள். அந்த ஆராய்ச்சியில்தான் இந்தக் கிருமியையே கண்டுபிடித்தார்கள். குளிக்கும்போது தெறிக்கும் நீர்த்துளியோடு அது மூச்சில் போகிறது. 60 டிகிரியில் அது பிழைக்காது.

ஆனால் 60 டிகிரி நீர் தோலில் பட்டால் சில விநாடிகளில் வெந்துவிடும். குழந்தைக்கும் முதியவருக்கும் இன்னும் வேகமாக. ஆகவே தொட்டியில் 60, குளிக்கும் இடத்தில் குளிர்ந்த நீர் கலந்து 40 என்பதே சரி. பக்கெட்டில் குளிப்பவர் முதலில் குளிர்ந்த நீரைப் பிடித்துவிட்டு வெந்நீரைச் சேர்க்க வேண்டும்.

பராமரிப்பு

பாய்லர் அறையில் வட்டமான அழுத்தக் கடிகாரம் இருக்கும். அதில் ஒரு சிவப்புக் கோடு. முள் அந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது. நீராவிப் பாய்லரில் தண்ணீர் மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாயும் இருக்கும். மட்டத்தை அடிக்கடி பார்க்க வேண்டும். கண்ணாடி அழுக்காகி வழி அடைத்தால் பொய் மட்டம் காட்டும். அதனால் தினமும் கழுவி விட வேண்டும். சட்டத்துக்குள் வரும் பாய்லரைக் கவனிக்கப் பரீட்சை எழுதிச் சான்றிதழ் பெற்ற ஆள்தான் இருக்க வேண்டும்.

ஒவ்வொரு ஷிப்டிலும் லாக் புத்தகத்தில் எழுத வேண்டும். நேரம், அழுத்தம், தொட்டியின் சூடு, செய்த வேலை. நாலு எண்கள்தான். ஆனால் நேற்று ஒரு மணி நேரத்தில் 60 டிகிரி வந்தது, இன்று ஒன்றரை மணி நேரம் ஆகிறது என்பதை இந்தப் புத்தகம்தான் காட்டும். நினைவு அதைக் காட்டாது. சூடேற நேரம் கூடினால் சுருளில் படிவம் ஏறுகிறது என்று பொருள். தொட்டியில் கடகட என்று சத்தம் வந்தாலும் அதே காரணம் இருக்கலாம்.

மாதம் ஒருமுறை தொட்டியின் அடி வால்வைத் திறந்து ஒரு பக்கெட் தண்ணீரை வெளியேற்ற வேண்டும். வண்டலும் துருவும் போகும். தொட்டியின் சேஃப்டி வால்வுக் கைப்பிடியையும் ஒருமுறை தூக்கிப் பார்க்க வேண்டும். தண்ணீர் பாய்ந்து, விட்டதும் நின்றால் நல்லது. முகத்தையும் கையையும் விலக்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

ஆண்டுக்கு ஒருமுறை தொட்டியைத் திறந்து சுருளைச் சுத்தம் செய்ய வேண்டும். இரண்டு சுற்றையும் மூடி, நன்றாக ஆறவிட்டு, அழுத்தம் இறங்கியதைப் பார்த்து, நீரை வடிக்க வேண்டும். எலுமிச்சை உப்பு என்று கடையில் விற்கும் சிட்ரிக் அமிலக் கரைசலில் ஊறவைத்தால் படிவம் கரையும். பித்தளைச் செம்பைப் புளி போட்டுத் தேய்ப்பதும் இதே வித்தைதான். இரும்புச் சுரண்டி போட்டால் செம்பு கிழியும். மரச்சீவல் போதும். அமிலத்தோடு பிளீச்சிங் பவுடரை ஒருபோதும் சேர்க்கக் கூடாது. குளோரின் வாயு கிளம்பும். மூடிய அறையில் அது ஆளைக் கொல்லும்.

கடைசியாகச் சுருளில் ஓட்டை. இதுதான் வெளியே தெரியாத ஆபத்து. துரு பிடிக்காமல் இருக்கப் பாய்லர் தண்ணீரில் ரசாயனம் போட்டிருப்பார்கள். சுருள் ஓட்டையானால் எந்தப் பக்கம் அழுத்தம் அதிகமோ அங்கிருந்து மறுபக்கத்துக்கு நீர் போகும். குழாய்த் தண்ணீர் அழுத்தம் அதிகம் என்றால் பாய்லரில் மட்டம் காரணமின்றி ஏறும். பாய்லர் அழுத்தம் அதிகம் என்றால் ரசாயன நீர் குளியலறைக்கு வரும். நிறம் மாறும், வாடை வரும். சில சமயம் எதுவும் தெரியாது. ஆகவே இந்த வெந்நீரில் சமைக்கக் கூடாது. டீ போடக் கூடாது. சமையலுக்குக் குளிர்ந்த நீரைப் பிடித்து அடுப்பில் சூடாக்க வேண்டும். மட்டம் தானாக ஏறுகிறது, அல்லது நாள்தோறும் குறைகிறது என்று லாக் புத்தகம் காட்டினால் அன்றே சுருளை மூடிவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டும்.

மார்ச் மாதம் வந்தால் கொல்கத்தாவில் குல்லாய் பெட்டிக்குப் போகும். சின்ன விடுதிகளில் பாய்லரும் ஓய்வுக்குப் போகும். பாதி நீரோடு விட்டால் நீரும் காற்றும் சேர்ந்து இரும்பை அரிக்கும். ஒன்று, முழுவதும் வடித்து உலர்த்தி வைக்க வேண்டும். இல்லை என்றால் மருந்திட்ட நீரால் விளிம்புவரை நிரப்பி மூட வேண்டும். குளிர் திரும்பும்போது தொட்டியில் பழைய நீர் இருந்தால் அத்தனையும் சாக்கடைக்கு. புதிதாக நிரப்பி, 60 டிகிரிக்குச் சூடாக்கி, ஒவ்வொரு மாடியிலும் குழாயைத் திறந்து சில நிமிடம் ஓடவிட வேண்டும். அதன்பின் வரும் நீரில்தான் முதல் ஆள் குளிக்கலாம்.